ஆறு நாளா, 1380 கோடி ஆண்டா? மகளுக்கு என்ன பதில் சொல்வது?

மணப்பாட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பி.காம் படித்தேன், அறிவியல் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்புக்குப் போவாள். போன மாதம் விவிலியத்தின் தொடக்கநூல் முதல் அதிகாரம் நடந்தது. ஆறு நாள் படைப்பை ஆறு கட்டமாகச் சார்ட்டில் வரைந்து, கலர் அடித்துக் கொண்டுபோனாள். அதே வாரம் பள்ளியில் பெருவெடிப்பு பற்றிப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு என்று சொன்னார்களாம்.

அன்று ராத்திரி என்னோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: “அம்மா, சூரியனை நாலாம் நாள்தான் படைச்சார்னா, அதுக்கு முந்தின மூணு நாளை எதை வச்சு எண்ணினாங்க?” எனக்குப் பதில் தெரியவில்லை. மறைக்கல்வி வகுப்பில் கேள் என்றேன். அடுத்த ஞாயிறு கேட்டிருக்கிறாள். “விசுவாசத்தில் இப்படியெல்லாம் கேள்வி வரக் கூடாது” என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சார்ட்டைச் சுருட்டிப் பீரோ மேல் போட்டாள். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்கவில்லை.

இதற்கு நடுவில் என் கொழுந்தனார் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒன்றை அனுப்பியிருக்கிறார். பெருவெடிப்பைக் கண்டுபிடித்ததே ஒரு கத்தோலிக்கக் குரு, திருத்தந்தையும் அதை ஏற்றுக்கொண்டார், ஆகவே அறிவியல் விவிலியத்தை நிரூபித்துவிட்டது என்று அதில் இருக்கிறது. இது உண்மையா? உண்மையென்றால் மகளிடம் காட்டலாம் என்று பார்க்கிறேன். பொய்யைக் காட்டி அவளைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

வசனம் வாசிப்பவன்:

சகோதரி, கலங்க வேண்டாம். 2 பேதுரு 3:8ஐ எடுத்துப் பாருங்கள். கர்த்தருக்கு ஒரு நாள் ஆயிரம் வருஷம் போலவும், ஆயிரம் வருஷம் ஒரு நாள் போலவும் இருக்கிறது. எபிரெய மொழியில் நாள் என்பதற்கான ‘யோம்’ என்ற சொல் நீண்ட காலத்தையும் குறிக்கும். ஆதியாகமத்தின் (நீங்கள் தொடக்கநூல் என்பது) ஆறு நாளை ஆறு நெடுங்காலம் என்று எடுத்துக்கொண்டால் விஞ்ஞானத்தோடு சண்டை வராது. என் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். மகளுக்காக ஜெபிக்கிறேன்.

ஞாயிறு வாத்தியார்:

தங்கச்சி, நான் வார நாட்களில் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பங்கில் மறைக்கல்வி. 22 வருடமாக இரண்டும் சேர்ந்தே போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். அவள் கேட்ட அதே கேள்வியை மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் கேட்டிருக்கிறார். சூரியனும் சந்திரனும் விண்மீன்களும் இல்லாமல் முதல் நாளும் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் இருந்தன என்று அறிவுள்ளவர் யார் நம்புவார் என்று எழுதியே வைத்திருக்கிறார். திருச்சபையின் ஆதிகால விவிலிய அறிஞர்களில் அவருக்கு இணையாகச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர். திருச்சபையின் இன்னொரு பெரிய அறிஞரான அகுஸ்தினாரும் அந்த இடத்தில் தடுக்கி நின்றார். தொடக்கநூலுக்குத் திரும்பத் திரும்ப விளக்கம் எழுதி, இந்த நாட்கள் நாம் எண்ணும் நாட்கள் மாதிரி இல்லை என்றார். இயற்கையைப் பற்றித் தெரியாமல் பேசிவிட்டு அதற்கு விவிலியத்தைச் சாட்சிக்கு இழுக்கும் கிறிஸ்தவர்களால் விவிலியத்துக்குத்தான் அவமானம் என்றும் கண்டித்து எழுதினார். அகுஸ்தினாரும் ஓரிஜனும் கேட்ட கேள்வியைக் கேட்ட பிள்ளையை உட்கார வைத்தது தவறு. மறைக்கல்வி எடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு அது வலிக்கிறது.

மேலே சகோதரர் சொன்ன பதிலை நானும் ஆரம்பத்தில் சில வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வகுப்பில் ஒரு பையன், “சார், வரிசையைப் போர்டுல எழுதுங்க” என்றான். எழுதினேன். மூன்றாம் நாள் செடியும் மரமும். நாலாம் நாள் சூரியன். ஐந்தாம் நாள் பறவைகள், ஆறாம் நாள் தரையில் ஊர்பவை. பாறைகளில் கிடைக்கும் புதைபடிவங்களில் ஊர்வன முதலில் வருகின்றன, பறவைகள் அப்புறம்தான். ஒவ்வொரு நாளையும் நூறு கோடி ஆண்டாக நீட்டினாலும் வரிசை நேராகாது. அன்றோடு அந்தப் பதிலை விட்டுவிட்டேன்.

அப்படியானால் அந்த அதிகாரம் எதைச் சொல்கிறது? மகளை அந்தச் சார்ட்டை எடுக்கச் சொல்லுங்கள். ஆறு கட்டத்தையும் கத்தரித்து, முதல் நாளுக்குப் பக்கத்தில் நாலாம் நாளையும், இரண்டாவதுக்குப் பக்கத்தில் ஐந்தையும், மூன்றாவதுக்குப் பக்கத்தில் ஆறையும் ஒட்டச் சொல்லுங்கள். ஒளி, அதன் எதிரே ஒளி தரும் சூரிய சந்திரர். வானும் நீரும், எதிரே பறவையும் மீனும். நிலம், எதிரே விலங்கும் மனிதனும். முதல் மூன்று நாளில் இடம் தயாராகிறது, அடுத்த மூன்று நாளில் அந்த இடத்துக்கு ஆள் வருகிறார்கள். இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். அங்கே சூரியன், சந்திரன் என்ற பெயரே கிடையாது. பெரிய ஒளி, சிறிய ஒளி என்றுதான் இருக்கும். சுற்றியிருந்த பாபிலோனியர்கள் சூரியனையும் சந்திரனையும் தெய்வமாகக் கும்பிட்டவர்கள். அவை தெய்வமில்லை, மாட்டிவைத்த விளக்குகள் என்று அந்த அதிகாரம் சொல்கிறது. அந்தக் காலத்தில் அது எவ்வளவு துணிச்சலான பேச்சு என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும். பிரபஞ்சத்தின் வயதை அங்கே தேடுவது கல்யாணப் பத்திரிகையில் சமையல் குறிப்பு தேடுவது மாதிரி.

சரி, இப்போது உங்கள் கொழுந்தனார் அனுப்பியது. அதில் பாதி உண்மை. மிச்சப் பாதிக்கு அந்தக் குருவே எதிராக நின்றார். அவர் பெயர் ஜார்ஜ் லெமேத்ர். பெல்ஜியத்தில் சார்ல்ரவா என்ற ஊரில் 1894ல் பிறந்தவர். முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் இருந்தார். 1923ல் குருப்பட்டம் பெற்றார். அங்கிருந்து நேரே கேம்பிரிட்ஜில் வானியலாளர் எடிங்டனிடம் படிக்கப் போனார், அப்புறம் அமெரிக்காவில் ஹார்வர்டு. 1925ல் ஊர் திரும்பி லூவேன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

1927ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை வைத்து, பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்று காட்டினார். தொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதை, அதாவது செம்பெயர்ச்சியை, அந்த விரிவோடு இணைத்தார். விரியும் வேகத்துக்கு ஒரு எண்ணையும் கணக்கிட்டுக் கொடுத்தார். அமெரிக்க வானியலாளர் ஹபிளின் புகழ்பெற்ற கட்டுரை வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே. ஆனால் அவர் எழுதியது பிரெஞ்சில், வெளிவந்தது பெல்ஜியத்து இதழ் ஒன்றில். யார் கண்ணிலும் அவ்வளவாகப் படவில்லை. சமன்பாடுகளுக்கு இப்படி ஒரு விடை உண்டு என்று ரஷ்யாவில் கணித அறிஞர் ஃப்ரீட்மன் 1922லேயே காட்டியிருந்தார், அது லெமேத்ருக்குத் தெரியாது. அதனால் ஒரே ஆள் கண்டுபிடித்தார் என்று சொல்வது ஃப்ரீட்மனுக்கும் ஹபிளுக்கும் நியாயமாகாது. 2018ல் சர்வதேச வானியல் ஒன்றியம், தொலைவு கூடக் கூட விண்மீன் மண்டலங்கள் விலகும் வேகமும் கூடும் என்ற ஹபிள் விதியை ஹபிள்-லெமேத்ர் விதி என்று அழைக்கலாம் எனப் பரிந்துரைத்தது.

அந்த 1927 அக்டோபரில் லெமேத்ர் பிரஸ்ஸல்ஸில் ஐன்ஸ்டைனைச் சந்தித்தார். கணக்கு சரி, ஆனால் உங்கள் இயற்பியல் சகிக்கவில்லை என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக லெமேத்ரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1931ல் லெமேத்ர் இன்னும் ஒரு படி போனார். விரிவதைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் ஒரே ஆதி அணுவில் போய் நிற்கும் என்று ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் எடிங்டனுக்குப் பதில். இன்றைய இயற்கை ஒழுங்குக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்ற எண்ணமே தனக்கு ஒவ்வவில்லை என்று எடிங்டன் எழுதியிருந்தார். எடிங்டன் ஆழ்ந்த பக்தியுள்ள குவேக்கர் கிறிஸ்தவர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரே கடவுளை நம்பிய இரண்டு பேர், ஆசிரியரும் மாணவரும். ஒருவருக்குத் தொடக்கம் பிடிக்கவில்லை, மற்றவருக்கு அது இயல்பாக வந்தது. ஆக, ஜெபம் பண்ணுகிறவர் இந்தப் பக்கம், பண்ணாதவர் அந்தப் பக்கம் என்று இந்த விவகாரம் ஒருநாளும் பிரிந்து நின்றதில்லை.

இனி நான் வருடா வருடம் என் பிள்ளைகளுக்குச் சொல்லும் விஷயம். அந்தக் கடிதத்தின் கைப்பிரதியில் கடைசியாக இன்னொரு வாக்கியம் இருந்தது. அதன் கருத்து இதுதான்: எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் ஒரு பரம்பொருளை நம்புகிறவர், கடவுள் மறைந்திருப்பவர் என்றும் நம்புகிறார். இன்றைய இயற்பியல் படைப்பின் மீது ஒரு திரை போடுவதைப் பார்த்து அவர் மகிழலாம். லெமேத்ர் அனுப்புவதற்கு முன் இதை அடித்துவிட்டார். அச்சில் அது வரவில்லை. எசாயா 45:15ல் மறைந்திருக்கும் இறைவன் என்று வருமே, அந்த இறைவனைத்தான் அவர் தேடினார். அவருக்குப் பிரபஞ்சத்தின் தொடக்கத்திலும் கடவுள் மறைந்தே இருந்தார். அதனால்தான் கடவுளைச் சமன்பாட்டில் பிடிக்க அவர் முயலவில்லை.

பிறகு 1951 நவம்பர் 22. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் வத்திக்கானின் அறிவியல் கழகத்தாரிடம் உரையாற்றினார். ‘ஒளி தோன்றுக’ என்ற அந்த ஆதி வார்த்தைக்கு இன்றைய அறிவியல் சாட்சியாகியிருக்கிறது என்ற பொருளில் பேசினார். நல்ல எண்ணத்தில் பேசியதுதான். உங்கள் கொழுந்தனாரின் செய்தி அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும். லெமேத்ர் அந்தக் கழகத்தின் உறுப்பினர், 1960ல் தலைவரே ஆனார். அவருக்கு அந்தப் பேச்சு மிகவும் சங்கடமாக இருந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் உலக வானியலாளர்கள் ரோமில் கூடவிருந்தார்கள், திருத்தந்தை அவர்களிடமும் பேசவிருந்தார். லெமேத்ர் முன்கூட்டியே ரோமுக்குப் போனார். வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநரான அருட்தந்தை ஓ'கானலைப் பார்த்துப் பேசினார். 1952 செப்டம்பர் 7ல் திருத்தந்தை வானியலைப் பற்றி விரிவாகப் பேசினார், ஆனால் முந்திய ஆண்டின் அந்த வாதத்தை எடுக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. ஹபிளின் 1929 கணக்குப்படி பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டுதான் வரும். ஆனால் பூமியின் வயதே 300 கோடிக்கு மேல் என்று 1940களில் பாறைகளின் கதிரியக்கக் கணக்கு சொல்லிவிட்டது. பிள்ளை தாயைவிட மூத்தது! இருபது வருடமாகப் பெருவெடிப்புக்கு இதுதான் பெரிய தலைவலி. அதே 1952 ரோம் கூட்டத்தில்தான் வானியலாளர் வால்டர் பாடே, நாம் அளந்த தூரமெல்லாம் ஏறக்குறையப் பாதிதான், அதை இரட்டிப்பாக்க வேண்டும் என்று அறிவித்தார். பிரபஞ்சத்தின் வயது அப்படியே இரு மடங்கானது. பிறகு அது மேலும் திருத்தப்பட்டு இன்றைய 1380 கோடிக்கு வந்திருக்கிறது. விசுவாசத்தை அன்றைய எண்ணோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை மகளுக்குக் காட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இன்னும் ஒன்றே ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியல் அறிஞர் தோமா அக்குவினாஸ், உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை விசுவாசத்தால் ஏற்கிறோம், பகுத்தறிவால் அதை நிரூபிக்க முடியாது என்றார். தொடக்கமே இல்லாத உலகமாக இருந்தாலும் அது கடவுளைச் சார்ந்துதான் நிற்கும் என்பது அவர் வாதம். விளக்கிலிருந்து வெளிச்சம் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கை எப்போது ஏற்றினார்கள் என்பது ஒரு கேள்வி. வெளிச்சம் இந்த நிமிடம் எதனால் நிற்கிறது என்பது வேறு கேள்வி. படைப்பு என்று நான் மறைக்கல்வியில் சொல்வது இரண்டாவதை. முதலாவதைத் திங்கட்கிழமை சுண்ணக்கட்டியோடு நடத்துகிறேன்.

இருள்வானம்:

வாத்தியார் சார் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். மாதம் ஒரு முறை பிள்ளைகளை ஊருக்கு வெளியே இருட்டான இடத்துக்குக் கூட்டிப்போய் வானம் காட்டுகிறேன். என் பங்குக்குச் சிலதைச் சொல்கிறேன்.

அம்மா, உங்கள் மகளுக்கு எண்ணை மட்டும் சொல்லாதீர்கள், அந்த எண் எப்படி வந்தது என்பதைக் காட்டுங்கள். நவம்பர் மாதம் நிலா இல்லாத ராத்திரியில் மொட்டை மாடிக்கோ கடற்கரைக்கோ கூட்டிப்போங்கள். வடக்குப் பக்கம், நல்ல உயரத்தில், பஞ்சைப் பிய்த்து வைத்தது போல ஒரு மங்கல் தெரியும். அது ஆண்ட்ரோமீடா, நமக்குப் பக்கத்து விண்மீன் மண்டலம். அவள் கண்ணில் விழும் அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி 25 லட்சம் ஆண்டாகிறது. உலகத்துக்கு 6000 வயது என்று யாராவது சொன்னால், அந்த மங்கலே போதும். (அது நம்மை நோக்கி வருகிறது, விலகவில்லை. பக்கத்தில் இருப்பதால் ஈர்ப்பு விரிவை வென்றுவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளை, இதையும் கேட்பாள், தயாராக இருங்கள்.)

பெருவெடிப்பை விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்டது ஒரு குரு சொன்னார் என்பதற்காகவும் இல்லை, மனசுக்குப் பிடித்தது என்பதற்காகவும் இல்லை. இங்கிலாந்து வானியலாளர் ஃப்ரெட் ஹாய்லுக்கு அது பிடிக்கவே இல்லை. 1949ல் பிபிசி வானொலியில் அதற்குப் ‘பெருவெடிப்பு’ என்று பெயர் வைத்தவரே அவர்தான். பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் இல்லை, விரிய விரியப் புதுப் பொருள் உண்டாகிறது என்பது அவருடைய கொள்கை. நம் நாட்டு வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் அவருடைய மாணவர். மோசமான கொள்கை இல்லை அது, சோதித்துப் பார்க்கக் கூடியது. 1964ல் நியூ ஜெர்சியில் பென்சியாஸும் வில்சனும் ஒரு பெரிய கொம்பு வடிவ ஆண்டெனாவில் எந்தத் திசையில் திருப்பினாலும் அடங்காத ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைக் கழுவிப் பார்த்தும் போகவில்லை. அது பிரபஞ்சம் சூடாக இருந்த காலத்தின் மிச்ச வெப்பம். இன்று அதன் அளவு 2.725 கெல்வின். பிரபஞ்சம் தோன்றி 3,80,000 ஆண்டு ஆனபோது கிளம்பிய ஒளி. ஆன்டெனா வைத்த பழைய டிவியில் சேனல் இல்லாத இடத்தில் கொசகொசவென்று புள்ளி ஓடுமே, அதிலும் ஒரு சிறு பங்கு இதுதான். ஹாய்லின் கொள்கையால் இந்த வெப்பத்துக்கு இயல்பான விளக்கம் கொடுக்க முடியவில்லை, தோற்றது.

வாத்தியார் சாரிடம் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. இரண்டு கேள்வியும் வேறு வேறு என்று நீங்கள் பிரிப்பது அழகாக இருக்கிறது. ஆனால் மதங்கள் பல நூற்றாண்டு முதல் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டுதானே இருந்தன? பூமிக்கு வயது சொன்னார்கள், வரிசை சொன்னார்கள். அறிவியல் வந்து தவறு என்று காட்டிய பிறகு ‘நாங்கள் அதைச் சொல்லவில்லை’ என்கிறார்கள். ஓரிஜன் ஒருவர் கேட்டார் சரி, கேட்ட பிள்ளைகளை உட்கார வைத்தவர்கள் எத்தனை பேர்? பெருவெடிப்பின் முதல் நொடியின் மிக மிகச் சிறிய துணுக்கில் என்ன நடந்தது என்று சொல்ல இன்று நம்மிடம் சமன்பாடு இல்லை. அந்த இடத்தில் ‘இன்னும் தெரியாது’ என்று சொல்லிவிட்டுத் தேடிக்கொண்டே இருப்பதுதான் எனக்கு நிம்மதி. உங்கள் மகள் அந்த நிம்மதியையும் அறிந்து வளரட்டும்.

திருவாதவூரான்:

எங்கள் வீட்டு வாட்ஸ்அப்பிலும் இதே கதைதான், பெயர் மட்டும் வேறு. மாணிக்கவாசகர் அன்றே பெருவெடிப்பைப் பாடிவிட்டார் என்று வருகிறது. அவருடைய திருவாசகத்தில் வரும் திருவண்டப் பகுதியை நான் சின்ன வயதிலிருந்து ஓதுகிறவன்.

“அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்
அளப்பருந் தன்மை வளப்பெருங் காட்சி”

என்று தொடங்கி, அண்டங்கள் நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்து கிடப்பதையும், கூரை ஓட்டை வழியாக வரும் வெயிலில் மிதக்கும் தூசு போல அவை சிறுத்துத் தெரிவதையும் சொல்வார். யாருக்குச் சிறுத்துத் தெரிகின்றன? இறைவனுக்கு முன்னால். அவன் அவ்வளவு பெரியவன் என்பதைச் சொல்ல வந்த பாட்டு அது. ‘விரிந்தன’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஹபிளுக்கு முந்திவிட்டார் என்றால், அடிகள் உருகிப் பாடியது காணாமல் போகிறது. எனக்கு அது பெரிய இழப்பு.

எங்கள் சைவ சித்தாந்தம் இந்த விஷயத்தில் கிறிஸ்தவத்தோடு ஒத்துப்போவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒன்றுமில்லாததிலிருந்து கடவுள் உலகைப் படைத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது என்பது எங்கள் அடிப்படை. குயவன், சக்கரம், மண் என்று உதாரணம் சொல்வார்கள். மண் மாயை, அது அநாதி. இறைவன் மண்ணைப் புதிதாக உண்டாக்குவதில்லை, அதிலிருந்து உலகத்தைத் தோற்றுவிக்கிறான், ஒடுக்குகிறான், மறுபடியும் தோற்றுவிக்கிறான். உயிர்களும் அநாதி. ஆகவே 1380 கோடி என்றாலும் எங்களுக்குப் பதற்றம் இல்லை, ஹாய்ல் ஜெயித்திருந்தாலும் பதற்றம் இருந்திருக்காது. பரிபாடலின் இரண்டாம் பாட்டில் கீரந்தையார் வானம், காற்று, தீ, மழை என்று ஊழி ஊழியாக உலகம் உருவாவதைச் சொல்கிறார். படிக்கப் படிக்க ஆசையாக இருக்கும். அதை வானியல் பாடமாக நான் வைக்க மாட்டேன். தாய்மொழியில் இவ்வளவு பெரிய காலத்தை பல நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் நினைத்துப் பார்த்தாரே என்று மகளுக்குப் படித்துக் காட்டலாம், மதம் குறுக்கே வராது.

ஞாயிறு வாத்தியார்:

இருள்வானம் தம்பி, உங்கள் மறுப்பு சரியானது. பிரிக்க எங்களுக்கு நெடுங்காலம் பிடித்தது, அறிவியல் அடித்துச் சொல்லித்தான் பல பேர் பிரித்தார்கள். அதை நான் சொல்லாமல் விட்டது குறைதான். ஆனால் லெமேத்ர் அடி வாங்கிப் பிரித்தவர் இல்லை. அவருடைய கொள்கை ஜெயித்துக்கொண்டிருந்த நேரத்தில், அது தன் மதத்துக்குச் சாதகமாகப் பேசப்பட்ட நேரத்தில், வேண்டாம் என்று ரோமுக்குப் போனவர். 1958ல் மறுபடியும், இந்தக் கொள்கை கடவுளை மறுப்பவருக்கும் முழு சுதந்திரம் தருகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு அவர் மேல் உள்ள மரியாதை அங்கிருந்துதான் வருகிறது.

திருவாதவூரான் ஐயா, ஒத்துப்போகவில்லை என்று நீங்கள் நேரே சொன்னது நிறைவாக இருந்தது. எல்லா மதமும் ஒன்றையே சொல்கிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் யாருடைய நூலையும் ஒழுங்காகப் படிப்பதில்லை. ஒன்றுமில்லாததிலிருந்தா, அநாதி மாயையிலிருந்தா என்பதை எந்தத் தொலைநோக்கியும் தீர்த்து வைக்காது. அதைப் பற்றி நாம் இருவரும் ஒரு நாள் முழுக்கப் பேசலாம்.

மணப்பாட்டுக்காரி:

சார், ஐயா, தம்பி, எல்லோருக்கும் நன்றி. வசனம் வாசிக்கும் அண்ணனின் ஜெபத்துக்கும் நன்றி. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கொழுந்தனார் அனுப்பியதைக் காட்டவில்லை.

ஓரிஜன் என்ற பெயரைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு நாற்காலி போட்டு ஏறிச் சார்ட்டை எடுத்தாள். என் கடைக் கத்தரியால் ஆறு கட்டத்தையும் வெட்டி, சார் சொன்ன மாதிரி மூன்று மூன்றாக ஒட்டியிருக்கிறாள். மூன்றாம் நாள் கட்டத்தில் தென்னை மரத்துக்கு மேலே சூரியனை வரைந்து வைத்திருந்தாள், அதை இப்போதுதான் அவளே கவனித்தாள். வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்தாள். நவம்பருக்குக் கடற்கரைக்குப் போவதாக முடிவு. பரிபாடல் பாட்டைத் தேடித் தரச் சொல்லியிருக்கிறாள்.

அவள் ஒரு கேள்வி கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் குரு கடைசி வரியை அடித்துவிட்டார், அச்சிலும் வரவில்லை என்றால், அதில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்?

ஞாயிறு வாத்தியார்:

நல்ல கேள்வி. அவர் அடித்த அந்தப் பிரதி தொலையவில்லை. பெல்ஜியத்தில் லெமேத்ரின் காகிதங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அடித்த கோட்டுக்கு அடியில் எழுத்து தெரிகிறது.

இதையும் அவளிடம் சொல்லுங்கள். 1966 ஜூனில் லெமேத்ர் மரணப் படுக்கையில் இருந்தார். அந்த ஆண்டெனா இரைச்சலைப் பற்றிய செய்தியை அவருடைய பழைய உதவியாளர் ஓடோன் கோடார் கொண்டுவந்து சொன்னார். ஜூன் 20ல் லெமேத்ர் இறந்தார். தான் சொன்ன அந்தத் தொடக்கத்தின் சாம்பல் இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் போனார்.

வரும் ஞாயிறு எங்கள் பங்கில் தொடக்கநூல் முதல் அதிகாரம்தான். உங்கள் மகள் சம்மதித்தால், இரண்டு வரிசையாக ஒட்டிய அந்தச் சார்ட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். என் வகுப்பில் மாட்டுகிறேன். சூரியனை மறைத்த அந்த வெள்ளைத் தாளை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அது அப்படியே இருக்கட்டும்.